காசு கொடுத்தும் வாய் மூடலா?

நமது நாட்டில் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்து வருகிறது. அதென்னவென்றால், காசு வாங்குகிறவன் நிமிர்ந்து நிற்பதும் காசு கொடுக்கிறவன் குனிந்து நிற்பதுமேயாகும். சந்தையில் கத்தரிக்காய் வாங்கப் போகிற மனிதர் ஒவ்வொரு காயையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், காம்பைக் கிள்ளிப் பார்க்கிறார், இரண்டு ரூபாய் குறைப்பதற்குக் கால் மணி நேரம் வாதாடுகிறார். அதே மனிதர் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு, பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே பணத்தை வைத்துவிட்டு எழுந்து வருகிறார். அதே மனிதர் தம் ஆயுளில் சேர்த்த பணம் அவ்வளவையும் போட்டு வீடு கட்ட ஆரம்பிக்கிற போது, மேஸ்திரியிடம் ஒரு துண்டுச் சீட்டுக்கூட எழுதி வாங்காமல், வெற்றிலை பாக்கில் வைத்து முன்பணத்தைக் கொடுத்துக் கும்பிடும் போடுகிறார்.

இதற்குக் காரணம் என்னவென்று யோசித்துப் பார்த்தால், நமது ஜனங்களுக்குப் புத்தி இல்லாததல்ல என்பது விளங்கும். கத்தரிக்காய் விஷயத்தில் வேலை செய்கிற புத்தி மற்ற விஷயத்திலும் வேலை செய்யக்கூடியதுதான். ஆனால் பெரிய பணம் கொடுக்கிற இடத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகப் பழக்கி வைத்திருக்கிறார்கள். தட்டில் போட்ட காசுக்குக் கணக்குக் கேட்டால் பாவம், உண்டியலில் போட்டதற்கு ரசீது கேட்டால் நாஸ்திகம், புரோகிதன் சொன்ன மந்திரத்துக்கு அர்த்தம் கேட்டால் அகங்காரம் என்று பழகின வாய், கல்லாவுக்கு முன்னாலும் கட்டிட மேஸ்திரிக்கு முன்னாலும் திடீரென்று எப்படித் திறக்கும்? போதாக்குறைக்குக் "கௌரவம்" என்று ஒன்று வேறு இருக்கிறது. பில்லைப் படித்துப் பார்ப்பது தரித்திரத்தின் அடையாளமாம்! ஆதலால் இதை ஏதோ சாப்பாட்டு விஷயம், கொத்து வேலை விஷயம் என்று தள்ளிவிடாமல், சற்று விவரமாகவே எழுத விரும்புகின்றோம்.

முதலில் ஓட்டலை எடுத்துக் கொள்ளுவோம். நமது ஜனங்கள் ஓட்டலுக்குள் நுழையுமுன் பார்ப்பது பெயர்ப்பலகை ஒன்றைத்தான். ஒரு காலத்தில் அந்தப் பலகையில் சமைக்கிறவனின் ஜாதி எழுதியிருந்தது. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டுக் கடைகளில் பிராமணருக்கு ஒரு இடம், மற்றவர்களுக்கு ஒரு இடம் என்றிருந்த ஏற்பாடு, கிளர்ச்சி செய்த பிறகு 1941-ல்தான் எடுபட்டது. சுதந்திரம் வந்து பத்து வருஷமான பிறகும், 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டலின் பலகையிலிருந்த "பிராமணாள்" என்ற சொல்லை எடுக்கச் சொல்லி மாதக் கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் சிறைக்குப் போக வேண்டியிருந்தது. இத்தனைக்கும் 1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, ஓட்டலில் ஜாதி பார்த்து ஒருவனைத் தடுக்கக் கூடாது என்று சொல்லித்தான் இருந்தது. அந்தப் பலகை சமைப்பவன் எந்த வயிற்றில் பிறந்தான் என்று சொல்லிற்றேயொழிய, அவன் கை கழுவினானா என்று என்றைக்காவது சொல்லிற்றா? ஈக்கும் கரப்பான் பூச்சிக்கும் ஜாதி தெரியுமா என்று கேட்கின்றோம்.

இன்றைக்குச் சொல் மாறியிருக்கிறது. ஆனால் பார்க்கிறவன் கண் மாறவில்லை. "சுத்த சைவம்" என்று எழுதிவிட்டால் அடுப்பங்கரையும் சுத்தமென்று அர்த்தம் செய்து கொள்ளுகிறோம். கல்லாவுக்கு மேல் சாமி படமும் ஊதுவத்தியும் இருந்தால் கடைக்காரர் யோக்கியர் என்று நினைத்துக் கொள்ளுகிறோம். ஊதுவத்திப் புகைக்குப் பின்னால்தான் பழைய எண்ணெய் நாற்றம் ஒளிந்து கொள்ளுகிறது என்பது நமது அனுபவம்.

பார்க்க வேண்டியவை வேறு இருக்கின்றன. உணவுக் கடை நடத்துகிறவர் 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவோ லைசென்சோ பெற வேண்டும். அதற்கு 14 இலக்கம் கொண்ட ஒரு நம்பர் உண்டு. 2022 ஜனவரி முதல் அந்த நம்பரைப் பில்லிலும் அச்சிட வேண்டுமென்று விதி செய்திருக்கிறார்கள். பலகையில் எத்தனை தெய்வத்தின் பெயர் இருந்தாலும் பில்லில் அந்த நம்பர் இல்லையானால் ஏன் என்று கேட்கலாம். அடுத்தபடியாக எண்ணெய். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது கெட்டு, உடம்புக்கு ஆகாத பொருள்கள் அதில் சேருகின்றன. அந்தப் பொருள்கள் நூற்றுக்கு 25 பங்குக்கு மேற்பட்டால் அந்த எண்ணெயை உபயோகிக்கவே கூடாதென்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. அதை அளக்கும் கருவி நம்மிடம் இல்லைதான். ஆனால் வடை போடுகிற சட்டி பெரும்பாலும் வாசலில்தானே இருக்கிறது? எண்ணெய் கருத்து, கெட்டியாகி, நுரைத்துப் புகைகிறதா என்று பார்க்கக் கண் இருந்தால் போதும்.

நிற்க, பில் விஷயத்துக்கு வருவோம். சில மாதங்களுக்கு முன் ஒரு ஜில்லா தலைநகரில் பிரசாரக் கூட்டம் முடிந்து நாமும் மூன்று தோழர்களும் ஒரு பெரிய ஓட்டலில் சாப்பிட்டோம். பில்லில் பலகாரங்களின் விலை, அதற்குக் கீழே வரி, அதற்கும் கீழே "சர்வீஸ்" என்று நாற்பத்திரண்டு ரூபாய் போட்டிருந்தது. இது என்னவென்று கல்லாவில் கேட்டோம். "எல்லாரும் கொடுத்துவிட்டுத்தானே சார் போகிறார்கள்?" என்றார். எல்லாரும் கொடுப்பதைக் கேட்கவில்லை, எந்தச் சட்டப்படி கேட்கிறீர்கள் என்றோம். பக்கத்தில் நின்ற ஒரு கனவான் நமக்காக வெட்கப்பட்டு, "போகட்டும் விடுங்கள், நாற்பது ரூபாய்தானே" என்றார். நாற்பது ரூபாய் வாங்குகிறவருக்கு அது அற்பமாகத் தோன்றவில்லையே, கொடுக்கிறவருக்கு மாத்திரம் ஏன் அற்பமாகத் தோன்ற வேண்டும்? கடைசியில் அந்த வரியை அடித்துவிட்டு வேறு பில் கொடுத்தார்கள். இதில் நமது சாமர்த்தியம் ஒன்றுமில்லை. சர்வீஸ் சார்ஜைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, கொடுக்கும்படி கட்டாயப்படுத்தவும் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ந் தேதியே சொல்லிவிட்டது. ஓட்டல்காரர் சங்கங்கள் அதன்மேல் வழக்காடியும், 2025 மார்ச் 28-ந் தேதி டில்லி ஹைகோர்ட்டு அந்த உத்தரவு செல்லும் என்றே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

வரியின் கணக்கையும் தெரிந்து கொள்ளுவது நல்லது. சாதாரண ஓட்டலில் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 5 ரூபாய். மத்திய சர்க்காருக்கு இரண்டரை, ராஜ்ய சர்க்காருக்கு இரண்டரை என்று பில்லில் இரண்டு வரியாக இருக்கும். 2017 நவம்பர் 15 முதல் குளிர்சாதன அறைக்கும் இதே கணக்குத்தான். ஏ.சி. அறையென்று பண்டத்தின் விலையைக் கூட்டி அதைப் பட்டியலில் போட்டிருந்தால் அது வேறு, "ஏ.சி.க்கு வரி அதிகம்" என்று சொன்னால் அது பொய். (நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை வாங்கும் மாளிகைகளுக்கு வேறு கணக்கு உண்டு. அது நமது வாசகர்களுக்கு அவசரமாகத் தேவைப்படாது.) சிறிய கடைக்காரர்கள் மொத்தமாக வரி கட்டுகிற "காம்போசிஷன்" முறையில் சேர்ந்திருந்தால், சாப்பிடுகிறவரிடம் தனியாக வரி வாங்கவே கூடாது. அப்படி வாங்கினால் அந்தப் பணம் எந்தச் சர்க்காருக்குப் போகிறதென்று வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பில்லைக் கேட்கத் தைரியமில்லாத சிலர், இலை போடுகிற பையனிடம் தங்கள் வீரத்தைக் காட்டுகிறார்கள். "டேய்" என்று கூப்பிடுவதும், சாம்பார் ஆறிப்போனதற்கு அவனை வைவதும் நுகர்வோர் உரிமை ஆகாது. அவன் நம்மைப் போல் ஒரு கூலியாள். பல ஓட்டல்களில் பன்னிரண்டு மணி நேரம் நின்று கொண்டே வேலை செய்கிறான். கேட்க வேண்டியதைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்க வேண்டும். கிராமத்து டீக்கடைகளிலோ இன்னும் ஒரு படி கீழே இருக்கிறோம். இரட்டைக் குவளை போய்விட்டதென்று சொல்லிக் கொண்டு, சில இடங்களில் ஒருவருக்குக் கண்ணாடிக் கிளாசும் இன்னொருவருக்குக் காகிதக் கப்பும் நீட்டுகிறார்கள். அந்தக் கடையில் டீ நன்றாயிருக்கிறதென்று குடித்துவிட்டுப் போகிறவர்களும் அந்த அக்கிரமத்துக்குக் காசு கொடுக்கிறவர்களேயாவார்கள்.

ஓட்டலில் போவது நாற்பது ரூபாய். வீடு கட்டுகிற விஷயத்தில் போவது வாழ்க்கை முழுவதும் சேர்த்த சேமிப்பு. அங்கே நடக்கிற கூத்தைச் சொல்லி முடியாது.

கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் நமக்குத் தெரிந்த தோழர் ஒருவர் இரண்டு வருஷத்துக்கு முன் வீடு கட்டினார். தோழர் நம்மவர்தான், ஆனால் வீட்டிலுள்ள பெரியவர்கள் நம்மவர்களல்ல. ஆகவே முதல் காரியமாக வாஸ்துக்காரர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் கயிறும் திசை காட்டும் கருவியும் கொண்டுவந்து, சமையலறை அக்கினி மூலையில்தான் இருக்க வேண்டும், வாசல் ஒரு முழம் தள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பதினைந்தாயிரம் ரூபாய் வாங்கிக் கொண்டு போனார். வாசலைத் தள்ளினதில் காற்று வருகிற ஜன்னல் ஒன்று அடைபட்டதுதான் மிச்சம். அதே சமயத்தில், அந்த மண் எப்படிப்பட்டது, கடைக்கால் எவ்வளவு ஆழம் வேண்டும் என்று ஒரு என்ஜினீயரைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று தோழர் சொன்னபோது, "அதற்கு வேறு எதற்குத் தண்டச் செலவு?" என்று தடுத்துவிட்டார்கள்!

சதுர அடிக்கு இவ்வளவு என்று மேஸ்திரியிடம் வாயால் பேசி முடித்தார்கள். அந்தத் தொகைக்குள் தண்ணீர்த் தொட்டி உண்டா, செப்டிக் டாங்க் உண்டா, மின்சாரக் கம்பி எந்தத் தரம், கதவு எந்த மரம், சுற்றுச்சுவர் யார் பொறுப்பு என்பவற்றில் ஒன்றும் எழுதப்படவில்லை. பாதி வேலை முடிந்ததும், "அதெல்லாம் தனிங்க" என்று மேஸ்திரி ஆரம்பித்தார். பணமோ முக்கால் பங்கு அவர் கைக்குப் போய்விட்டது.

பிறகு தளம் போடும் நாள் வந்தது. ஆனி மாதம் கடைசி. அந்த வெள்ளிக்கிழமையை விட்டால் ஆடி பிறந்துவிடும், ஆடியில் தளம் போடக் கூடாதாம். ராகு காலம் பத்தரை மணிக்கு, அதற்குள் ஆரம்பித்தாக வேண்டுமாம். காலையிலிருந்தே மழை பெய்து கொண்டிருந்தது. பஞ்சாங்கத்துக்குப் பயந்து மழையிலேயே கான்கிரீட் கொட்டினார்கள்.

இதிலுள்ள கேடு என்னவென்று சொல்லுகிறோம். வீட்டுத் தளத்துக்குச் சாதாரணமாகப் போடுகிற கலவை ஒரு பங்கு சிமிட்டி, ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் கணக்கு. மணலில் ஊறியிருக்கிற ஈரமும் இந்த 30 லிட்டரில் சேர்ந்ததுதான். தண்ணீர் அதிகமானால் கலவை கஞ்சி போல் ஓடும், கொட்டுகிறவனுக்குச் சுலபம். ஆனால் அந்த அதிகத் தண்ணீர் பின்னால் ஆவியாகப் போய், அது இருந்த இடமெல்லாம் நுண்ணிய துளையாக நிற்கும், பலமும் குறையும். அன்றைக்கு எத்தனை லிட்டர் வானத்திலிருந்து விழுந்ததென்று பஞ்சாங்கத்தில் எழுதியிருக்கவில்லை.

தளம் போட்ட மூன்றாம் நாள் மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விட்டார். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது அத்தோடு நின்றது. மழை விட்டு ஆடிக் காற்றும் வெயிலும் அடித்தன. சிமிட்டி காய்வதால் கெட்டியாகிறது என்று நமது ஜனங்கள் நினைக்கிறார்கள். அது தண்ணீரோடு சேர்ந்து ரசாயன மாறுதல் அடைவதால்தான் கெட்டியாகிறது. அது நடக்கிற நாட்களில் ஈரம் இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும். சாதாரண சிமிட்டிக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமிட்டிக்கு 10 நாள், வெயிலும் காற்றும் கடுமையானால் அதற்கும் மேல் ஈரம் காக்க வேண்டும். இதற்கு வேண்டியது ஒரு குடம் தண்ணீரும் ஒரு ஆளும். பூஜைக்குச் செலவழித்த தேங்காய் பழத்தின் விலைகூட ஆகாது.

ஐப்பசி மழையில் தளம் ஒழுகியது. மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கண் திருஷ்டிங்க அண்ணா, வீடு நல்லா அமைஞ்சிருக்குதில்ல" என்றார். ஒரு வெள்ளைப் பூசணிக்காயில் பூதத்தின் முகம் எழுதி வாசலில் கட்டினார்கள். பூதத்தின் தலையிலும் ஒழுகியது.

தன் வேலையின் குறையைத் திருஷ்டியின் மேல் போடுகிற மேஸ்திரி சின்ன ஆள்தான். பெரிய இடத்திலும் இதே சமாதானம்தான் சொல்லப்படுகிறது. 2014 ஜூன் 28-ந் தேதி சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக் கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்த கூலித் தொழிலாளிகள். அன்றைக்கு மழையும் இடியும் இருந்தன. இடி விழுந்ததால்தான் இடிந்தது என்று கட்டினவர் தரப்பில் சொன்னார்கள். சர்க்கார் நியமித்த விசாரணைக் கமிஷனோ கட்டிட அமைப்பின் குறைகளையே காரணமாகச் சொல்லிற்று. பக்கத்திலேயே நின்ற ஜோடிக் கட்டிடத்தையும் நம்ப முடியாமல் 2016 நவம்பரில் சர்க்காரே வெடி வைத்துத் தகர்த்தது. இடி என்பது வானத்துத் திருஷ்டி போலும்!

மேஸ்திரிகள் எல்லாரும் அயோக்கியர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. நாணயமான மேஸ்திரிகளை நமக்குத் தெரியும். பத்துப் பேரிடம் விலை கேட்டு யார் குறைவாகச் சொன்னாரோ அவரைப் பிடித்து, நடுவில் இரண்டு முறை சுவரை இடித்து மாற்றச் சொல்லி, அதற்குக் கூலி கேட்டால் முறைக்கிற வீட்டுக்காரர்களையும் தெரியும். கட்டாத விலைக்கு ஒப்புக் கொள்ளுகிற மேஸ்திரி அதை எங்கே ஈடு செய்வார்? சிமிட்டியில் ஈடு செய்வார். கலவை சுமக்கிற சித்தாள் பெண்ணின் கூலியில் ஈடு செய்வார். எழுதி வைத்தால் இந்த இரண்டு தரப்புக்கும் பாதுகாப்பு. வேலை இன்னின்னது, பொருள் இன்னின்ன தரம், கடைக்கால் முடிந்ததும் இவ்வளவு, தளம் முடிந்ததும் இவ்வளவு, ஒரு மழைக்காலம் கழிந்து ஒழுகாமலிருந்தால் கடைசிப் பாக்கி இவ்வளவு என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க ஒரு மணி நேரம் ஆகும்.

பொருளையும் சோதிக்கலாம், இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. சிமிட்டி மூட்டையின் மேல் எந்த வருஷம் எந்த வாரம் தயாரானது என்று அச்சிட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு மேற்பட்டதானால் சோதிக்காமல் போடக் கூடாது. 12 மில்லிமீட்டர் கம்பி 12 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 10 கிலோ 660 கிராம் இருக்க வேண்டும். ஒரு கம்பியைத் தராசில் போட்டால் மெலிந்த கம்பி தானே சொல்லிவிடும். இரண்டு செங்கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். கத்தரிக்காய்க் காம்பைக் கிள்ளிப் பார்க்கிற விரலுக்கு இது பெரிய வித்தையா?

அப்படியும் ஏமாற்றப்பட்டால் வழியிருக்கிறதா என்று கேட்பீர்கள். பெரிய மனைத் திட்டங்களுக்கென்று 2016-ல் ஒரு ரியல் எஸ்டேட் சட்டம் வந்தது. ஆனால் அது 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ 8-க்கு மேற்பட்ட வீடுகளாகவோ கட்டி விற்பவர்களைத்தான் பிடிக்கும். தன் மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டுகிற ஏழைக்கு அதில் இடமில்லை. அவருக்கு உதவுவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1986-ல் முதலில் வந்து, 2019-ல் புதிதாகச் செய்யப்பட்டு, 2020 ஜூலை முதல் அமுலில் இருக்கிறது. வீடு கட்டிக் கொடுப்பதும் இந்தச் சட்டத்தில் "சேவை"தான் என்று சுப்ரீம் கோர்ட்டு 1993-லேயே சொல்லியிருக்கிறது. நாம் கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. 20 லட்சம் வரை போனாலும் 400 ரூபாய்க்கு மேல் இல்லை. வக்கீல் வைத்தாக வேண்டுமென்பதில்லை, தமிழ் எழுதத் தெரிந்தால் போதும். நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். குறை ஏற்பட்டு இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். போடுவதா வேண்டாமா என்று தெரியாதவர்கள் 1915 என்ற நம்பருக்குப் போன் செய்து யோசனை கேட்கலாம். மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டுமென்று சட்டம் சொல்லுகிறது. நடப்பில் வருஷக் கணக்கில் இழுக்கிறது என்பதையும் மறைக்கப் போவதில்லை. ஆனாலும் ஆணையத்தின் சம்மன் வருமென்று தெரிந்தால், வாசல் வரைக்கும் வராத மேஸ்திரி மாடி வரைக்கும் வருவார்.

மேற்படி தோழரிடம் ஒப்பந்தப் பத்திரம் இல்லை. என்றாலும் பணத்தில் பெரும்பகுதியை அவர் பாங்கு மூலமாகவும் போன் மூலமாகவும் அனுப்பியிருந்தார். அதற்கு மேஸ்திரி, "கிடைச்சுதுங்க, திங்கக்கிழமை தளம்" என்பது போலப் பதில் போட்டிருந்தார். அவையும் சாட்சிதான். அவற்றைத் தேதிவாரியாக அடுக்கி, ஒழுகுகிற இடங்களைப் படம் பிடித்து, ஒரு என்ஜினீயரிடம் எழுத்து மூலமாக அபிப்பிராயம் வாங்கி, முப்பது நாளில் சரி செய்யாவிட்டால் ஆணையத்துக்குப் போவதாகப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினார். அந்தக் கடிதத்தில் வசவு ஒரு வார்த்தையும் கிடையாது. நான்காம் நாள் மேஸ்திரி இரண்டு ஆட்களோடு வந்து தளத்தைச் சுற்றிப் பார்த்து, செலவில் பாதியைத் தாம் ஏற்பதாகச் சொன்னார். தோழர் அதை எழுதிக் கொடுக்கும்படி கேட்டார். மேஸ்திரி சிறிது நேரம் சும்மா நின்றார், பிறகு பேனாவைக் கேட்டு வாங்கினார்.